சத்தம் அடங்கிய பொரி

எங்கள் வீட்டில் காலை உணவு சத்தம் போடும். கிண்ணத்தில் கிரிஸ்பி ரைஸ் என்னும் பொரி சீரியலைக் கொட்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றியதும் அது படபடவென்று வெடிக்கத் தொடங்கும். பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளிப்பதுபோல இருக்கும். கட்டிலில் சாய்ந்திருக்கும் என் மாமியார் அந்தச் சத்தம் கேட்டதுமே வாயைத் திறந்துவிடுவார். நான் கொடுக்க மாட்டேன். சத்தம் முழுக்க அடங்க வேண்டும், பால் வற்ற வேண்டும், கரண்டியின் முதுகால் மசித்துக் கூழாக்க வேண்டும். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவருக்கு விழுங்குவது சிரமம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்: "பால் தனியா நிக்கக் கூடாது, பொரி தனியா நிக்கக் கூடாது. மொறுமொறுன்னு எது உள்ள போனாலும் மூச்சுக்குழல்ல போய் உக்காந்துக்கும்." ஆகவே காத்திருக்கிறோம், அவர் வாயைத் திறந்தபடி, நான் கரண்டியைப் பிடித்தபடி. மலேசியாவின் கிள்ளானிலிருந்து வாழ வந்த எனக்கு இந்தத் தி.நகர் வீட்டில் இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே அதிகாரம் இந்தக் கரண்டி. அதை நான் அவசரப்பட்டுப் பயன்படுத்துவதில்லை.

கஞ்சி, ரவை, ஓட்ஸ் எல்லாவற்றையும் என் முகத்திலேயே துப்பியவர் அவர். விடுமுறைக்கு வந்த என் மகன் மிச்சம் வைத்துப்போன இந்த சீரியலை மட்டும் விழுங்கினார். அன்றிலிருந்து மாதம் தவறாமல் ஆழ்வார்பேட்டையில் ஒரு கடைக்குப் போய் வாங்கி வருகிறேன். கல்லாவில் இருக்கும் பெண் ஒருமுறை கேட்டாள். "குழந்தைக்கா ஆன்ட்டி?" மாமியாருக்கு என்றேன். "சோ ஸ்வீட்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். கூடவே, "நீங்க மலேசியாவா? தமிழ் நல்லா பேசறீங்களே," என்றாள். கிள்ளானில் இருக்கும் என் மக்களே, இதை நீங்கள் கேட்க வேண்டும். இந்த ஊரில் நம் தாய்மொழியை நாம் பேசினால் கைதட்டுகிறார்கள்.

வேலைக்கு வரும் கஸ்தூரி கைதட்டும் ரகமில்லை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவளை வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். விடியலில் பஸ் பிடித்து வருகிறாள். முதல்நாள் கிண்ணத்தைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "இன்னாமா இது, சாவுக்கு எறைக்கிற பொரிய பால்ல போட்டு ஊட்டிக்கினு கீற?"

"இது வேற பொரி கஸ்தூரி. சர்க்கரையெல்லாம் போட்டது."

"எந்தப் பொரியா இருந்தா இன்னா, பொரி பொரிதாம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

சென்னைக் காற்றில் பெட்டியைத் திறந்துவிட்டால் போதும், இரண்டே நாளில் நமத்துவிடும். அதனால் மிச்சத்தை வைத்து என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். வெல்லத்தை உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு உருண்டை பிடித்தால் கார்த்திகைப் பொரியைவிடப் பல்லுக்குச் சுகம். ஆனால் பாகு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும், கை வெந்தாலும் பரவாயில்லை என்று. வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து, அடுப்பை அணைத்த பிறகு மிளகாய்த்தூளோடு சீரியலைப் புரட்டினால் மிக்சர். அதில் ஒளிந்திருக்கும் தித்திப்பை எலுமிச்சை பிழிந்து அடக்க வேண்டும். கையால் நொறுக்கி வாழைக்காய் கட்லெட்டின் மேல் ஒட்டிப் பொரித்தால் ரொட்டித்தூள் பக்கத்தில் வராது. நமத்தே போனதை அடை மாவில் ஊறவைத்து அரைத்துவிடுவேன். "கைவண்ணம்" என்று பாராட்டி என் கணவரின் அக்காக்கள் தட்டு தட்டாகத் தின்கிறார்கள். இந்தப் பண்டத்துக்கு நான் அறிந்த உபயோகங்களில் ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. அதைக் கடைசியில் உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்தக் கைவண்ணத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அம்மா. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுக்க வேலை முடிந்து வந்து அடுப்படியில் நிற்பார். எங்கள் குடியிருப்பான தாமானில், மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா தன் நோன்புப் பெருநாளுக்குச் செய்யும் பலகாரத்தை அம்மாவுக்குச் சொல்லித் தந்திருந்தார். வெண்ணெயும் தேனும் சர்க்கரையும் நுரைத்து வரும்போது கிரிஸ்பி ரைஸைக் கொட்டிக் கிளறி, விரல் நீளக் காகிதக் கிண்ணங்களில் ஒரு கரண்டி வைத்து, வண்ண மணிகளைத் தூவி, குறைந்த சூட்டில் ஓவனில் வைக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், ஒரு நிமிடம் கூடினால் கசந்துவிடும். ஆறியபின் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் அடுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவார். அந்த ஜாடிகள் எங்கள் தெருவில் மலாய் வீட்டுக்கும் சீனர் வீட்டுக்கும் போகும். யாரும் அதைப் பொரி என்று சொன்னதில்லை.

நான் ஏழு மாதம் சுமந்திருந்தபோது வளைகாப்புக்கு அம்மா வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடையால் பெருத்த குடும்பம் இது. பெண்ணின் தாய் வீட்டார் கொண்டுவரும் பலகாரத் தட்டுகளைக் கூடத்தில் வரிசையாக வைத்து, உறவினர் முன்னால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வார்கள். லட்டு, அதிரசம், முறுக்கு எல்லாவற்றையும் அம்மா பாண்டி பஜாரில் வாங்கி அடுக்கினார். ஒரே ஒரு தட்டில் மட்டும், விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த ஜாடிகளிலிருந்து தன் கையால் செய்ததை எடுத்து வைத்தார். அத்தை, அதாவது என் மாமியார், வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து அந்தத் தட்டின் முன்னால் நின்றார். ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"சம்பந்தியம்மா கடல் தாண்டி வந்து பொரி கொண்டாந்திருக்காவ," என்றார் கூடத்துக்கே கேட்கும்படி. "இங்க பொரிய எதுக்கு முன்னால எறைப்பாவன்னு மலேசியாவுல தெரியாது போல."

கூடம் சிரித்தது. அத்தை அந்தத் தட்டை எடுத்துப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டு, வரிசை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பதால் அந்த இடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். அம்மாவும் சிரித்தார். எல்லாரையும்விடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து நான் நிம்மதியடைந்தேன். மாலையில் பின்கட்டுக்குப் போனபோது மின்விசிறிக்கு அடியில் திறந்தே கிடந்த தட்டில் எல்லாம் நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்லாதான் சிரிச்சாங்க, விடு லா," என்றார். அவருக்கு எல்லாமே புரிந்திருந்தது. அதற்குப்பிறகு அவர் இந்த வீட்டுக்கு வரவில்லை.

என் மகன் நடக்கத் தொடங்கிய நேரத்தில் என் நாத்தனாருக்குக் கோடம்பாக்கத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அண்ணன் பொரியை அள்ளித் தங்கையின் கையில் போட, அவள் அதை அக்னியில் இட வேண்டும். அண்ணன் பெண்டாட்டி என்பதால் பொரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. போட்டோக்காரர் "சிரிங்க மேடம்" என்றதும் சிரித்தேன். அந்தப் படம் இன்றைக்கும் கூடத்துச் சுவரில் இருக்கிறது. தாலி கட்டி, பந்தி முடிந்து, மணமக்களைக் காரில் ஏற்றி அனுப்பிய பிறகு, எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்த சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து என் கணவர் சொன்னார். "உங்கம்மா போயிட்டாங்க. நேத்தே."

என் கணவரின் அக்கா ஒருத்தி உடனே என்னைத் தொடாமல் விலகி நின்றாள். தீட்டாம். பந்தி முடியும்வரை என் அம்மா உயிரோடு இருந்தார், பாயசம் தீர்ந்ததும் எனக்குத் தீட்டு வந்துவிட்டது. என் தம்பி முதல்நாளே என் கணவரின் போனுக்கு அழைத்திருக்கிறான். "நீ வருவேன்னு வச்சிருந்தோம்க்கா," என்று அழுதான். "அவ வரல, ஆக வேண்டியதப் பாருங்கன்னு மாமாதான் சொன்னாரு." கணவரைக் கேட்டேன். தன் அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்றார். அத்தையைக் கேட்டேன். "உன் புருஷன்கிட்ட கேளு," என்றார். ஊரில் ஒரு வழக்கம் உண்டு, பழி எப்போதும் அடுத்த அறையில்தான் இருக்கும்.

தம்பி இன்னொன்றும் சொன்னான். அம்மாவின் இறுதி வண்டி புறப்படும்போதுதான் பொரி வாங்க மறந்தது தெரிந்ததாம். கடை திறக்கவில்லை. அம்மாவின் அடுப்படியில் தீபாவளிக்கென்று வாங்கிவைத்த கிரிஸ்பி ரைஸ் டின் நிறைய இருந்தது. அதைத்தான் தாமானின் வாசல்வரை அவருக்கு முன்னால் இறைத்தார்கள். மைனாக்கள் கூட்டமாக வந்து தின்றனவாம். நான் கோடம்பாக்கத்தில் பொரித் தட்டோடு சிரித்துக்கொண்டிருந்த காலை அது. அத்தை பின்கட்டுக்கு அனுப்பிய பலகாரத்துக்கு என்ன உபயோகம் என்று அவர் சொன்னாரோ, அந்த உபயோகத்துக்கே அது போய்ச் சேர்ந்தது. நான் சொல்லாமல் வைத்திருந்த உபயோகம் இதுதான்.

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் இவரை இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று. உறவினர்கள் வந்து பார்த்து உருகுகிறார்கள். "மருமகள்னா இப்படி இருக்கணும், மகளே செய்ய மாட்டா," என்கிறார்கள். நாத்தனார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறாள். எனக்கு அன்பெல்லாம் ஒன்றுமில்லை. எனக்கு ஒரு பதில் வேண்டும். இவர் செத்துப்போனால் அந்தப் பதிலும் கூடவே போய்விடும். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன், தப்புதான் என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் புரையேறாமல் ஊட்டுகிறேன், பயிற்சிக்காரி போன பிறகும் பக்கத்தில் உட்கார்ந்து "அ... ஆ..." சொல்லவைக்கிறேன். அவர் வாய் கோணி எச்சில் வழிய "அ" என்னும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எழுவது உண்மை. மறைக்க விரும்பவில்லை. சத்தம் அடங்கிய பிறகும் சில நாள் கிண்ணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர் கண் கரண்டியையே பார்க்கும். கஸ்தூரிக்கு இது தெரியும். "குட்த்துடுமா, பாவம்," என்பாள். பிறகு அவளே, "இன்னா பாவம், உன்ன பிளேன்ல ஏத்தி வுட்டாங்க, என்ன லாரில ஏத்தி வுட்டாங்க. நமக்கு யாரு பாவம் பாத்தா," என்று முனகிக்கொண்டு துணி அலசப் போவாள்.

போன வாரம் அம்மாவின் திதி வந்தது. கட்டிக்கொடுத்த பெண் திதி செய்யும் வழக்கமில்லை என்றார்கள், நான் அதைக் காதில் வாங்கவில்லை. காலையிலேயே வெண்ணெயும் தேனும் காய்ச்சினேன். வீடு முழுக்கக் கிள்ளான் வாசனை. காகிதக் கிண்ணங்களைப் பொன்னிறமாக எடுத்து, வாழை இலையில் வைத்து, மொட்டைமாடியில் காக்கைக்கும் ஒன்றை வைத்துவிட்டு இறங்கி வந்தேன். கட்டிலிலிருந்து அத்தையின் இடது கை நீண்டது. எனக்கும் ஒன்று, என்றது அந்தக் கை.

ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "அத்தை, இது எங்கம்மா பலகாரம். நீங்க தட்டுலேருந்து எடுத்துப் போட்டீங்களே, அது," என்றேன். பார்த்தார். மூளை தெளிவாக இருக்கிறது, டாக்டரும் சொல்லியிருக்கிறார். "எங்கம்மா செத்ததைச் சொல்ல வேண்டாம்னது நீங்கதானே?"

அத்தையின் உதடு கூடிப் பிரிந்தது. நான் கற்றுக்கொடுத்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து, இத்தனை மாதத்தில் முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் சொன்னார்.

"கல்யாணம்... நல்லா... நடந்துச்சுல்லா."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தார்.

பலகாரத்தை இரண்டாக உடைத்தேன். ஒரு பாதியைப் பாலில் போட்டேன். தேன் பூசிய பொரி சட்டென்று நனையாது, முனகிக்கொண்டே கிடக்கும். அப்படியே எடுத்துக் கொடுத்திருக்கலாம், ஒரு கரண்டி போதும், யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். கரண்டியை அவர் உதடுவரை கொண்டும் போனேன். அப்புறம் கிண்ணத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். என் அம்மா செய்தது இந்த வீட்டில் நமத்துப்போனால்தான் தொண்டைக்குள் இறங்கும். காத்திருக்க எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, மற்ற பாதியை என் வாயில் போட்டு, அவருக்குக் கேட்கும்படி கடித்தேன்.