மச்சான் எடுத்து வந்த கோடி

செராமிக் பட்டறையில் யாராவது வேலையில் திணறினால், "மூச்சு விடவாவது தெரியுமாடா உனக்கு?" என்று கேட்பது என் வழக்கம். சூளை மேஸ்திரியான எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று விருத்தாசலத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். நிமோனியா வந்து, ஆஸ்பத்திரியில் வாய்க்குள் குழாயைச் செருகி, மெஷின் எனக்குப் பதிலாக மூச்சு விட ஆரம்பித்ததும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது.

காய்ச்சல் தணிந்து நினைவு திரும்பியதும் டாக்டர் வந்தார். குழாய் அப்படியே இருக்கும், மெஷின் தருகிற உதவியை மட்டும் நிறுத்திப் பார்ப்போம், கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்.

"பயப்படாதீங்கய்யா. நீங்களா இழுங்க, நீங்களா வுடுங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன்" என்றாள் நர்ஸ்.

இழுத்தேன். நெஞ்சின்மேல் ஈரக் களிமண் மூட்டையை ஏற்றி வைத்தது போலிருந்தது. முதலில் மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது. பிறகு பயம் வந்துவிட்டது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். காலை உதைத்தேன், தலையை ஆட்டினேன், வேர்த்துக் கொட்டியது. நர்ஸ் மறுபடியும் மெஷினை மாட்டினாள். காற்று தானாக உள்ளே போனது. அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டேன். சொல்ல நாக்கூசுகிறது, தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. மெஷின் இருக்கும்போது நான் எதற்கு மெனக்கெட வேண்டும் என்றிருந்தது. மறுநாள் மூச்சு முட்டுவதற்கு முன்பே காலை உதைத்தேன். உடனே மெஷினை மாட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வேப்பூரிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். கூடவே அவர் சம்சாரமும் வந்திருந்தது. யாரையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக் கிடந்தேன்.

"மயக்கத்துலதான் இருக்காரு" என்று மச்சான் கால்மாட்டில் நின்று சம்சாரத்திடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோடி எடுத்தாச்சு. வண்டியிலயே இருக்கட்டும். அவசரத்துல எந்தக் கடைய போயி தட்டுறது?" என்றார்.

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் எடுத்து வர வேண்டிய புதுப் புடவை அது. அதில் குறை வைத்தால் ஊர் மச்சானைத்தான் பேசும். அவர் முறை தவறாத மனிதர், அதனால் முந்திக்கொண்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது. சாகிற அளவுக்கு எனக்கு ஒன்றுமில்லை, பயமும் சோம்பலும்தான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தானே தெரியும். கண்ணைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலையில் மெஷினை நிறுத்தியபோது நான் காலை உதைக்கவில்லை. பயம் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று இழுத்தேன். கடைசியில் டாக்டர் குழாயை உருவினார். இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டியது.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய வாய் திரும்பிவிட்டது. மனைவி கஞ்சி கொண்டு வந்து கொடுத்தபோது, "உங்க அண்ணனுக்கு என்னா அவசரம்? நான் கெடக்கறப்பவே கோடி எடுத்துட்டாரு" என்று கேலி செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அண்ணன ஏன் சொல்றீங்க? நாந்தான் எடுத்தாரச் சொன்னேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கண்ணாடிக் கதவாண்ட நின்னு பாத்துகிட்டேதான இருந்தேன். மெஷின திரும்ப மாட்டினதும் உங்க மூஞ்சி தெளிஞ்சிது. அடுத்த நாளு, மூச்சு முட்டறதுக்கு முன்னயே கால ஒதச்சீங்க. வூட்டுக்கு வர உங்களுக்கு இஷ்டமில்லன்னு நெனச்சுகிட்டேன்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"ஆறிடப் போவுது, குடிங்க" என்றாள்.