இல்லாத டிஸ்க்கைத் தேடிய கம்ப்யூட்டர்

ஒரகடத்தில் கார் கதவுக்குப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உற்பத்தி லைனுக்கு ஒன்றாக நிற்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடுபவை. பூட்டு லைனின் கடைசிக்கு வந்ததும் அந்தக் கம்ப்யூட்டர் அதைச் சோதித்து, பார்கோடு லேபிள் ஒன்றை வெளியே தள்ளும். லேபிள் ஒட்டாத பூட்டு கேட்டைத் தாண்டாது. ஆகவே கம்ப்யூட்டர் நின்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பும். எனக்கு இயல்பிலேயே பயம் அதிகம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ரகம். இந்த வேலைக்கு வந்த பிறகு செல்போன் அடித்தாலே எந்த லைன் நின்றதோ என்றுதான் எடுப்பேன்.

லினக்ஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பீற்றிக்கொள்வேன். மாதக்கணக்கில் அணைக்காமல் ஓட்டலாம், ஒன்றும் ஆகாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வேன். அதில் ஒரு சங்கடம் இருப்பதை யோசித்ததில்லை. அணைக்காத கம்ப்யூட்டரில் நாம் செய்து வைத்த தப்பு, அதை அணைத்துப் போடும் நாள்வரை வெளியே தெரியாது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. அதுதான் ஆயுத பூஜை.

அன்று மதியத்தோடு லைனை நிறுத்திவிடுவோம். மிஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்துவிட்டு ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தோடு கிளம்புவோம். லேபிள் கம்ப்யூட்டருக்கும் உண்டு பொட்டு. நான் சொல்லும் வருடம், ஒரு லைனின் லீடர் தென்காசிப் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கத்தில் நான்கு பேரோடு ஒரு ரூமில் இருந்தாள். காண்ட்ராக்ட் ஆள், அந்த மாதக் கடைசியில்தான் அவள் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்க நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவளும் அப்படியே அணைத்து, துணியால் துடைத்து, மானிட்டரின் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

விடுமுறை முடிந்து, காலை ஆறு மணி ஷிஃப்டில் அது எழுந்திருக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது லைனில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கறுப்புத் திரையில் சிவப்புப் புள்ளிகள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. எதற்காகவோ காத்திருப்பதாகவும், ஒன்றரை நிமிடம் பார்ப்பதாகவும் எழுதியிருந்தது. நொடிகள் ஒவ்வொன்றாக ஏறின. சூபர்வைசர் என் பின்னால் நின்றார். வாலாஜாபாத்காரர், குரலைத் தணித்துப் பேசவே தெரியாதவர்.

"இன்னாமா பண்ணி வச்சிக்கீற? தண்ணி இறங்கிடிச்சா உள்ள? யாரு உன்ன இத்த கழுவச் சொன்னது?"

"கழுவலை சார். துடைச்சுத்தான் விட்டேன். அண்ணன் சொல்லிக் கொடுத்தாப்பலதான் அணைச்சேன்" என்றாள் அவள். என்னைப் பார்த்தாள்.

தண்ணீராக இருக்குமோ என்று முதலில் நானும்தான் நினைத்தேன். அப்படி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும். ஒன்றரை நிமிடம் முடிந்தது. வரிகள் சரசரவென்று ஓடி நின்றன. நடுவில் ஒரு வரி, 'பழசு' என்ற ஃபோல்டரை இணைக்க முடியவில்லை என்றது. ஆங்கில எழுத்தில் 'பழசு'. அந்தக் கம்பெனியில் ஃபோல்டருக்கு அப்படிப் பெயர் வைக்கிற ஆள் நான் ஒருவன்தான்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. நாலு மாதம் முன்பு அந்தக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று, பழைய பதிவுகளை வைக்க 'பழசு' என்ற பெயரில் ஒரு டிஸ்க்கை வெளியில் மாட்டினேன். கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் அதைத் தேடிச் சேர்த்துக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்தேன். பிறகு வேறு லைனுக்கு அவசரம் என்று டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போனேன். எழுதிய வரியை எடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டருக்கு அதனால் ஒன்றும் குறையில்லை. இப்போது புதிதாகக் கிளம்பும்போது, இல்லாத டிஸ்க்கைத் தேடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"இன்னாபா, தண்ணியா?" என்றார் சூபர்வைசர்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். நானும் ஏஜென்சி மூலம் வந்தவன். கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வதாக அந்த வருடம்தான் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "பாக்கணும் சார்" என்றேன். அந்த வார்த்தை அவளைப் பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தியா? இன்னிக்கே எச்ஆருக்கு எழுதித் தந்துடறேன். பொட்டு வைக்கிறாங்களாம் பொட்டு!"

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சரி செய்வது லேசான வேலைதான், ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. கம்ப்யூட்டர் இப்படிப் பாதியில் நின்றால் உள்ளே போக லினக்ஸே ஒரு வழி தரும்; யாரும் விளையாடிவிடக் கூடாது என்று அதையும் நானே அடைத்து வைத்திருந்தேன். பென்டிரைவில் இருக்கும் இன்னொரு லினக்ஸை வைத்துக் கிளப்பினால்தான் அந்த வரியைத் தொட முடியும். பென்டிரைவோ மெயின் கேட்டில் செக்யூரிட்டியிடம் இருந்தது. எங்கள் கம்பெனியில் போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், பென்டிரைவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எடுத்து வர மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும்.

மேனேஜர் கேன்டீனில் இருந்தார். அங்கே ஓடினேன், அங்கிருந்து கேட்டுக்கு ஓடினேன். போகும்போது லைனுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வரும்போது, முதலில் ஓட வைப்போம், பிறகு சொல்லலாம் என்று அதை மாற்றிக்கொண்டேன். இப்படி எனக்கு நானே தேதி மாற்றிக்கொள்வதில் கெட்டிக்காரன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லாரிக்காரர்கள் இரண்டு பேர் லோடுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது ஆறே முக்கால். அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. சூபர்வைசர் கையில் எச்ஆருக்கு எழுதிய பேப்பர் இருந்தது. பென்டிரைவைச் செருகினேன், அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பாகப் போனது. அந்த வரியைக் கண்டுபிடித்து, முன்னால் ஒரே ஒரு குறியைப் போட்டேன். அந்தக் குறி போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினேன். இருபது நொடியில் எழுந்து நின்றது. பிரின்டர் கிர்ரென்று முதல் லேபிளைத் தள்ளியது. லைனில் யாரோ விசில் அடித்தார்கள்.

சூபர்வைசர் பேப்பரை என்னிடம் நீட்டினார். "காரணம்னு போட்டுக்கீதுல்ல, அதுல தண்ணி இறங்கிடிச்சுன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுபா."

பேனாவை வாங்கினேன். எழுதியிருப்பேனோ என்னவோ, எனக்கு இன்றும் தெரியாது. அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் என்னைப் பேச வைத்தது.

"தண்ணி இல்ல சார். தப்பு என்னுது. நான் எழுதி வச்ச ஒரு வரிய எடுக்க மறந்துட்டேன். அவங்க அணைச்சது சரியாத்தான் அணைச்சிருக்காங்க."

இடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். சூபர்வைசர் பேப்பரை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

"சரி வுடுபா. மனுசன்னா மறக்கறதுதான். இனிமே பாத்துப் பண்ணு." என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு லாரிப் பக்கம் போனார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததற்காகக் கூச்சமாகவும் இருந்தது. கருவிப் பையை மூடிக்கொண்டிருந்தேன். பூட்டுக்கு லேபிள் ஒட்டியபடியே அவள் கேட்டாள்.

"எப்பம்ணே தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இப்பத்தாம்மா. உள்ள போய்ப் பார்த்தப்பதான்."

அவள் அடுத்த பூட்டை எடுத்தாள்.

"நானும் அதான் நினைச்சேன். முன்னமே தெரிஞ்சிருந்தா நீங்க அவர ஏச விட்டுருக்க மாட்டீங்கள்லா" என்றாள்.