அக்கா பூட்டிய இன்ஜின்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வந்திருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பலர், தலை நரைத்த பிறகுதான் அவரைப் பார்த்திருப்பீர்கள். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த லாரிக்காரர்களை முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்ன பெரியம்மாவாக அவரை அறிந்திருப்பீர்கள். அந்த ஒர்க்‌ஷாப் எப்படி வந்தது என்று நம் வீட்டு இளையவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டில் கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான் மிச்சம். அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருவள்ளூரில், கோயில் குளத்துக்குப் பின்தெருவில். எங்கள் அப்பா தையற்காரர். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா காலமாகிவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு அக்கா வீட்டுப் பொறுப்பை ஏற்றார். சமைத்தார், அப்பா தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுத்துக் கொடுத்தார், தையல் இயந்திரம் மக்கர் செய்தால் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினார். தனக்குக் கிடைக்காத படிப்பை எனக்குக் கொடுத்து, ஆசிரியப் பயிற்சி வரைக்கும் அனுப்பினார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாமா மோட்டார் மெக்கானிக். கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சில ஆண்டுகள் கழித்து எனக்கு ஆரம்பாக்கத்தில் பள்ளி வேலை கிடைத்தபோது, அவர்கள் வீட்டிலேயே தங்கி ரயிலில் போய்வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்த சமயத்தில் அந்த வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு கார் நின்றது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, மேலே மூடி இல்லாத, தரையோடு தரையாகத் தாழ்ந்த பழைய சீமை வண்டி. தெருவில் எல்லாரும் அதைத் ‘தொட்டி வண்டி’ என்றார்கள். ஆலையில் மேலாளராக இருந்த வெள்ளைக்காரருடையது. ஒருநாள் ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டி, இன்ஜின் இறுகிப் போய்விட்டது. ஊருக்குத் திரும்பும்போது அதை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாமாவுக்கு அந்த வண்டியின்மேல் சொல்லி முடியாத ஆசை. சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் அப்போதெல்லாம் ஆண்டுதோறும் கார்ப் பந்தயம் நடக்கும். மாமா சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே தொட்டி வண்டியை ஒருநாள் ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அவர் கனவு. இன்ஜினைக் கொட்டகையிலேயே இறக்கிப் பிரித்தார். சிலிண்டர்களைக் கடைந்து புதிய பிஸ்டன் வாங்கினார். வேகம் கூட வேண்டும் என்று, மேலே மூடும் ஹெட்டை ஒரு பட்டறையில் கொடுத்துச் சீவிக்கொண்டு வந்தார். அப்படிச் சீவினால் பெட்ரோல் இன்னும் நெருக்கமாக அமுங்கி வெடிக்கும் என்று எனக்கு விளக்கினார். அக்கா கழற்றியதையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்தார்.

எல்லாவற்றையும் மறுபடி சேர்த்துப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் ஆலையில் ஒரு நீராவிக் குழாய் வெடித்தது. மாமாவின் இரண்டு கைகளும் வெந்துபோயின. மாதக்கணக்கில் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது, விரல்கள் எல்லாம் உள்பக்கமாக மடங்கி இறுகியிருந்தன. ஒரு டம்ளரைக்கூட இரண்டு மணிக்கட்டுகளுக்கு நடுவில் இடுக்கித்தான் தூக்க முடிந்தது.

ஆலையில் வாசல்கேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருகிறோம் என்றார்கள். மாமா போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அக்கா சோறு ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். அக்கா அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் குடும்பத்தை நடத்தினார். ஒருநாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் துணி துவைக்கும் கல்லருகே தனியாக நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அந்த நிலையில், சென்னையிலிருந்து பந்தயம் ஓட்டும் இளைஞர் ஒருவர் தேடி வந்தார். வண்டியை அப்படியே, பிரித்துப் போட்டபடியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

“எடுத்துக்கினு போவட்டும். இனிமே எனக்கு இன்னாத்துக்கு அது?” என்று மாமா படுக்கையிலிருந்தே சொன்னார்.

அக்கா வாசலில் நின்றார். “வண்டி விக்கிறதுக்கு இல்ல தம்பி. பூட்டினப்புறம் வாங்க, பாத்துட்டுப் போவலாம்.”

“யாருங்க பூட்டப் போறது?”

“நாங்கதான்,” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்கப் பார்த்தார். இறங்கவில்லை. அதைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் விரிந்துகொண்டு விளிம்பில் தடுக்கின. அக்கா மரச்சுத்தியை எடுத்து மெல்லத் தட்டினார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “ஏம்மே! இன்னா பண்ற? சுத்திய வெய்யி! ரிங்கு ஒடஞ்சிடும்!”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு இன்னும் ஓங்கித் தட்டினார், பிஸ்டனை அல்ல, பக்கத்தில் கிடந்த கட்டையை.

மாமா துண்டு நழுவ எழுந்து ஓடி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் கொட்டகைப் பக்கம் வந்தது அன்றுதான். வந்தவர் அடிபடாத ரிங்கைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். “பால்பவுடர் டப்பா ஒண்ணு எடுத்துக்கினு வா,” என்றார் கடைசியில். “தகட்ட வெட்டி ரிங்கச் சுத்தி இறுக்கிக்கினு இறக்கணும். சுத்தியல்லாம் அப்பறம்தான்.”

அப்படித் தொடங்கியது. மாமா முக்காலியில் உட்கார்ந்து சொல்லுவார், அக்கா செய்வார். சண்டை இல்லாத நாளே கிடையாது. “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்” என்பார் மாமா. கை காட்ட முடியாததால் தாடையால் காட்டுவார். “எந்தப் பக்கம்னு வாயால சொல்லுங்க, தாடைக்கு ரெண்டு பக்கம் இருக்குது” என்பார் அக்கா. வால்வு இடைவெளி வைக்கும்போது, நடுவில் விடும் தகடு சிக்கவும் கூடாது, தொளதொளவென்றும் போகக் கூடாது என்று மாமா மூச்சு முட்ட விளக்கினார். அக்கா தகட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, “ஊசிக் காதுல நூலு போற மாதிரி. அவ்ளோதான?” என்றார். மாமா சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இன்ஜினை வண்டிக்குள் இறக்க, எதிர்வீட்டுக்காரர்கள் வந்து கயிறு பிடித்தார்கள். வண்டியின் முன்பக்கம் கைப்பிடியைப் போட்டு அக்காதான் சுற்றினார். பலமுறை சுற்றிய பிறகு, கொட்டகை நிறையப் புகையோடு இன்ஜின் ஓடத் தொடங்கியது. தெருவே கூடிவிட்டது. மாமா இரண்டு முழங்கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

சந்தோஷம் நீடிக்கவில்லை. தெரிந்த டிரைவர் ஒருவர் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, வேகம் எடுத்ததும் பாட்டிலில் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியதுபோல இன்ஜின் தட்டியது. ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவிவிட்டார்கள். அப்போது இங்கே கிடைத்த பெட்ரோல் அதைத் தாங்காது. ஹெட்டுக்கு அடியில் பேக்கிங் தகட்டை ஒன்றுக்கு இரண்டாக வைத்து உயர்த்தினால் தட்டல் நிற்கும், ஆனால் வேகம் குறையும்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “வேகம் கம்மியானா பந்தயத்துக்கு இன்னாத்துக்குப் போறது? ஒரு நாள் ஓட்னா போதும்.”

“ஒரு நாள் பறந்துட்டு ஒடஞ்சி போறதுக்கா நான் ராப்பகலா பூட்டினேன்?” என்றார் அக்கா. “எனக்கு அது ஓடிக்கினே இருக்கணுங்க.”

அவர் வண்டியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எங்கள் மூவருக்குமே புரிந்தது. சில நாள் வீட்டில் பேச்சில்லை. பிறகு ஒரு காலை, காப்பி குடிக்கும்போது மாமா தானாகவே, “பேக்கிங் ரெண்டு போட்டுடு” என்றார்.

மாமாவின் மடங்கிய விரல்கள் பிடித்துக்கொள்ளும்படி, ஸ்டீயரிங்குக்குத் தடித்த தோல் உறை ஒன்றை அக்கா தைத்து மாட்டினார். மாமா முதலில் தெருவிலும் பிறகு நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பழகினார். ஒருநாள் மாலை ஆரம்பாக்கம் பள்ளி வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. அக்கா தலையில் முக்காடு, மாமா முகமெல்லாம் புழுதி. என்னைப் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். உட்கார எனக்குத்தான் இடமில்லை. நான் வழக்கம்போல ரயிலில் திரும்பினேன்.

அடுத்த பந்தயத்துக்குச் சோழவரம் போனோம். வண்டியைச் சோதித்தவர் நல்லபடியாக இருக்கிறது என்றார். மாமாவின் கையைப் பார்த்ததும் முடியாது என்று தலையசைத்துவிட்டார். அந்த வேகத்தில் பிடி நழுவினால் மற்றவர்களுக்கும் ஆபத்து என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனாலும் மாமா நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை.

முன்பு வண்டியைக் கேட்டு வந்த இளைஞர் அங்கே இருந்தார். அவருடைய கார் ஒத்திகையிலேயே பழுதாகி நின்றுவிட்டிருந்தது. அக்கா அவரைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா ஸ்டீயரிங் உறையை மணிக்கட்டால் ஒருமுறை தடவிவிட்டு, “தம்பி, நீ ஓட்றியா? மூணாவது கியர்ல ரொம்ப இழுக்காத,” என்றார்.

பரிசு ஒன்றும் வரவில்லை. முன்னால் பறந்த வண்டிகளில் சில சூட்டில் புகை கக்கி ஓரம் கட்டின. தொட்டி வண்டி நடுவில் எங்கேயோ வந்தது. ஆனால் முழுத் தூரமும் ஓடியது. மாமா பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு முறை அது கடந்து போகும்போதும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சிலர் வந்து, இன்ஜின் யார் வேலை என்று கேட்டார்கள். இளைஞர் மாமாவைக் காட்டினார்.

மாமா முழங்கையால் அக்காவைக் காட்டி, “பூட்னது இவங்க” என்றார். அக்காவை அவர் ‘இவங்க’ என்று சொன்னதை அன்றுதான் கேட்டேன். அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பந்தயக்காரர்கள் சிலர், பிறகு லாரிக்காரர்கள், நெல்வயல் பம்ப் இன்ஜின்காரர்கள். கொட்டகை போதாமல் நெடுஞ்சாலையோரம் இடம் பிடித்தோம். “ஆம்பளைங்க யாரும் இல்லியா?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், “இருக்காரு. கேட்டுக்கினு இருக்காரு,” என்பார் அக்கா. உண்மையில் மாமா முக்காலியில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். தொட்டி வண்டியைப் பிற்பாடு அந்த இளைஞருக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொழில் வருமானத்தில்தான் பிறகு பிறந்த அக்காவின் மகனும் மகளும் படித்தார்கள், என் திருமணமும் நடந்தது. மாமா மறைந்த பிறகு அக்கா ஸ்பேனரை மகனிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டார்.

கடைசி மாதங்களில் அக்காவுக்கு மூச்சுத் திணறல். படுக்கையில் இருந்தபோது தாயைப்போலப் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், ஆஸ்பத்திரிச் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், சென்னையிலிருந்து தள்ளாத வயதில் வந்து மாலை போட்ட அந்தப் பழைய பந்தயக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். அக்கா மறைந்த அன்று காலை ஒர்க்‌ஷாப் கதவு மூடியிருந்ததைப் பார்த்து, பழுதான வண்டிகளோடு வெளியூர் லாரிக்காரர்கள் சிலர் நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் வேறு கடை தேடிப் போகவில்லை. லாரிகளை ஓரமாக விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு எங்களுடன் சுடுகாடு வரை வெயிலில் நடந்து வந்தார்கள். சடங்கு முடிந்து நாங்கள் நன்றி சொல்லத் திரும்பியபோது, அவர்கள் போய்விட்டிருந்தார்கள். பெயர் தெரியாததால் இந்த மலரை அவர்களுக்கு அனுப்ப வழியில்லை. படிக்கும் உங்களில் யாராவது அவர்களை எந்த ரோட்டிலாவது பார்த்தால், அக்கா வீட்டார் கும்பிட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தங்கை