மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விடும் கார்

அண்ணன் பழசாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் வாசலில் நிற்கிறது. கூரைத் துணியை மடக்கினால் திறந்த கார். வைகாசியிலும் ஆவணியிலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதை வாடகைக்கு ஓட்டுவான். ஆடியில் கல்யாணம் இருக்காது, சும்மா துடைத்துக்கொண்டே இருப்பான். ஐப்பசி மழையில் கூரை ஒழுகும், திட்டிக்கொண்டே தார்ப்பாய் போடுவான்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்து அண்ணன் செத்துப்போனான். தை பிறந்ததும் அவன் போனுக்கு வண்டி கேட்டுக் கூப்பிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். "ஐயோ பாவம்" என்று வைத்துவிட்டார்கள். சாவு விழுந்த வீட்டுக் காரில் யார் மாப்பிள்ளையை ஏற்றுவார்கள்?

"வித்துடுடா, அத்த பாக்கசொல்ல வயிறு எரியுது" என்று அம்மா தினமும் சொன்னாள். எனக்கு மனசு வரவில்லை. அவன் கை பட்டதென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் தவளக்குப்பத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பெரியவன் வேலையா வெளியூரு போயிருக்கான்பா. சின்னவன் ஓட்டிக்கினு வருவான். கல்யாணம் என்னிக்கு?"

பேசி முடித்து என்னைப் பார்த்தாள். "இன்னாடா பாக்குற? போய் வண்டியத் தொடச்சி வைடா."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கல்யாணத் தேதியைக்கூடக் கேட்காமல் நான் துணியை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனேன்.