நல்ல தண்ணியில் குளித்தோம்

என் மகள் மூன்றாம் வகுப்பில் எழுதிய விடுமுறைக் கட்டுரை ஒரே வரி. 'லீவில் நான் வீட்டில் இருந்தேன்.' அதை டீச்சர் வகுப்பில் சத்தமாக வாசித்திருக்கிறார். கூடப் படிக்கும் பிள்ளைகள் சென்னைக்குப் போய் நீச்சல் குளத்தில் குதித்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்களாம். இவள் வரியைக் கேட்டு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. "உள்ளதைத்தானம்மா எழுதுனேன்" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் ஒரு கடலை மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டு நானும் மறந்திருப்பேன். அழாததால் அது ஒரு வருஷம் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் எனக்குப் பண்டல் கட்டும் வேலை. எங்கள் பக்கம் யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். குச்சி அடுக்கினாலும் ஆபீஸ்தான். வீட்டுக்காரருக்கு மணியாச்சியில் ரயில் வேலை, நினைத்த நேரம் லீவு கிடைக்காது. அடுத்த மே மாதம் பிறந்தபோதும் சென்னைக்குப் போக வழியில்லை. சரி, குளம் நம்ம வீட்டுக்கு வரட்டும் என்று முடிவு கட்டினேன்.

ஆபீசில் லாரிக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றை இரவல் வாங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் காய வைத்தேன். நாங்கள் இருந்தது ஒரு வளவு. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரு முற்றம், ஒரு குழாய். என் வீட்டுக் கட்டில் இரண்டையும் பெஞ்சு இரண்டையும் முற்றத்தில் ஒருக்களித்து நிறுத்திக் கயிற்றால் இறுக்கி, நடுவில் தார்ப்பாயை விரித்தால் குளம். என் சின்ன மகனுக்கு நெஞ்சளவு ஆழம் வரும். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாய்தான் சறுக்கிவிட்டது.

வேலை விட்டு வரும் வழியில் டிராக்டரில் தண்ணீர் கொண்டுவருகிற அண்ணாச்சியைப் பார்த்தேன். "ஞாயித்துக்கெழம ஒரு டேங்க் வேணும் அண்ணாச்சி. பிள்ளைகளுக்குக் கண்ணு கிண்ணு எரியக் கூடாது. நல்ல தண்ணியாப் பாத்துக் கொண்டாங்க" என்றேன். அவரும் தலையாட்டினார். கலங்கல் இல்லாமல் கொண்டு வாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான். குடிப்பது நல்ல தண்ணி. மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணி. வேறு ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் இப்படி உளறியிருந்தால் மன்னிக்கலாம். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

ஞாயிறு காலையில் டிராக்டர் வந்தது. அண்ணாச்சி குழாயைத் தார்ப்பாய்க்குள் போட்டபோது, "கொடம் ஒண்ணும் வைக்கலியாம்மா?" என்று கேட்டார். குளத்துக்கு எதற்குக் குடம் என்று நான் சிரித்தேன். பாதி டேங்க் இறங்குவதற்குள் நாலு வயசுச் சின்னவன் டவுசரைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே விழுந்தான். மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முறையாக வரிசையில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

எதிர்வீட்டு மதினி எட்டிப் பார்க்க வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வளவில் எதற்கும் முதல் குரல் அவருடையதுதான். குழாய் முனையில் கையேந்தி ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஏட்டி, இது குடிக்கிற நல்ல தண்ணியாச்சே."

ஆறு வீட்டுக் கதவும் திறந்தது. முனிசிபாலிட்டிக் குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகியிருந்தது. பெண்கள் தார்ப்பாயைச் சுற்றி நின்றார்கள். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். "நீங்கதான நல்ல தண்ணி கேட்டிய" என்றார் அவர். அவரிடம் ஒரு தப்பும் இல்லை.

"குடிக்கத் தண்ணி இல்லாம நாங்க கொடத்தத் தூக்கிட்டு அலையுதோம். நீ பிள்ளைகள இதுல முங்க விடுத. நெஞ்சு கூசலியா?" என்றார் மதினி. கூசியது, பொய் சொல்லப் போவதில்லை. முழுவதையும் குடத்தில் மோந்து கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அப்போது என் மகள் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம்மா. நல்ல தண்ணிம்மா இது" என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு வயதில், யாரும் விரட்டாமலே ஒதுங்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. மதினி மேல் இல்லை. என்னத்தைக் கண்டாலும் நமக்கில்லை என்று இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்ததே, அதன் மேல்.

"மதினி, டேங்குல பாதி இருக்கு. அம்புட்டையும் நீங்களே பிடிங்க, எனக்கு ஒரு கொடங்கூட வேண்டாம்" என்றேன். "தார்ப்பாய்ல விழுந்தது எம் பிள்ளைகளுக்கு. சின்னவன் உள்ள எறங்கிக் கால் மணி நேரமாச்சு. இந்நேரம் ஒண்ணுக்கும் இருந்திருப்பான். அதையும் வேணும்னா மோந்துக்கோங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். மதினி சிரிக்கவில்லை. "திமிரு பிடிச்சவ" என்றார். ஆமாம் என்றேன். மகளை இடுப்போடு தூக்கித் தண்ணீருக்குள் விட்டேன். அவள் மரம் போல நின்றாள், எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு. அதனால் நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சைத் தாண்டி உள்ளே இறங்கி, சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். கழுத்து வரை குளிர்ந்தது. அதன் பிறகுதான் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள்.

மத்தியானத்துக்குள் தார்ப்பாய்க்குள் ஒன்பது பிள்ளைகள். மதினியின் மகன்கள் இரண்டு பேரும் அதில் உண்டு. அனுப்பினாரா, அவர்களாகவே வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கரிசல் புழுதிக் கால்கள் இறங்கி இறங்கித் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. சாயங்காலம் அதே பெண்கள் வாளியோடு வந்து, கழுவ, வாசல் தெளிக்க என்று கடைசிச் சொட்டு வரை அள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு பொட்டு வீணாகவில்லை. ஆனாலும் அந்த வருஷம் முழுக்கக் குழாயடியில் எனக்குப் பெயர் குளத்துக்காரி. கூப்பிட்டால் நன்றாகவே திரும்பிப் பார்ப்பேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நாலாம் வகுப்பிலும் அதே கட்டுரை. இந்த முறை ஒன்றரைப் பக்கம். நோட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு வந்தவள் முகம் சரியாக இல்லை. பிரித்துப் பார்த்தேன். 'நாங்கள் நல்ல தண்ணியில் குளித்தோம்' என்ற வரியில் 'நல்ல' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'உப்பு' என்று எழுதியிருந்தது. புது டீச்சரும் நம்ம ஊர்தான். குளிப்பது எந்தத் தண்ணீரில் என்று அவருக்குத் தெரியாதா.

"உள்ளதைத்தானம்மா எழுதுனேன்" என்றாள் மகள். போன வருஷம் சொன்ன அதே சொல். இந்தத் தடவை அழுதாள்.

"பேனாவை எடு" என்றேன்.

"டீச்சர் ஏசுவாங்கம்மா."

"ஏசட்டும்."

அந்தச் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே, என் கோணல் எழுத்தில் எழுதினேன்: 'அது நல்ல தண்ணிதான் டீச்சர். நானும் கூடக் குளித்தேன்.' எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.