நிற்கத் தெரியாத விமானம்

ஹெலிகாப்டரிலிருந்து ஏரோப்ளேனுக்கு மாறினேன் என்றதும், ஏதோ ஒரு வகுப்பு பாஸாகி அடுத்த வகுப்புக்குப் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். வேறு வழியில்லாமல் மாறினேன். ரிமோட்டில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டரைத்தான் சொல்கிறேன். பொம்மை என்று சொன்னால் அதைப் பறக்கவிடும் ஆட்களுக்குக் கோபம் வரும். எனக்கும் அப்போது வந்தது. ஐந்து வருஷம் அந்தச் சனியனோடு மாரடித்தேன், சும்மாவா.

அப்போது நான் பொம்மசந்திராவில் இரும்பு அச்சுகள் செய்யும் ஒரு டூல் ரூமில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு ஜீவனஹள்ளியில். ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கம்பெனி பஸ். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அடுகோடியில் கண்ணயர்ந்து அரை மணி கழித்து விழித்துப் பார்த்தாலும் பஸ் மடிவாளாவைத் தாண்டியிருக்காது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவர். பூமிக்குள்ளே போய்த் திரும்ப அவருக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.

என் மனைவியும் கோலார்ப் பெண்தான். காதலித்துக் கட்டிக்கொண்டோம், அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தாள். வாரத்தில் ஆறு நாள், மணிக்கு இத்தனை காலர் என்று டார்கெட். ஒன்றிரண்டு குறைந்தால் சூப்பர்வைசர் கன்னடத்தில் திட்டுவான், இவள் தமிழில் வாய்க்குள் திருப்பித் திட்டுவாள். சாயங்காலம் இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தால், யார் அரிசி களைவது என்பதில்தான் அன்றைய பேச்சு முழுவதும் முடிந்துவிடும்.

ஹெலிகாப்டர் என்னைத் தேடி வந்தது. ஐ.டி. கம்பெனி சார் ஒருவர் தன்னுடையதை விழவைத்து, நடுத்தண்டு வளைந்துபோய், யாரோ சொல்லி என் லேத்துக்குக் கொண்டுவந்தார். செய்து கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி வளைத்துக்கொண்டு வந்தார். அதற்கும் அடுத்த மாதம் வெறுத்துப்போய், "நீங்களே வெச்சுக்கங்க" என்று முழுசாக என் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டார். அந்த மனுஷர் புத்திசாலி. நான்தான் மாட்டிக்கொண்டேன்.

ஹெலிகாப்டர் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பார்ப்பவர்களுக்கு அதுதான் அதிசயம். ஆனால் அதை நிற்க வைத்திருப்பவனுக்கு ஒரு நொடி நிம்மதி கிடையாது. இரண்டு கட்டைவிரலும் ரிமோட்டின் இரண்டு குச்சியில் இருக்க வேண்டும், ஓயாமல் துளித்துளியாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக்கூடாது, தும்மக்கூடாது. ஏழெட்டு நிமிஷத்தில் பேட்டரி தீரும்போது கழுத்தெல்லாம் இறுகிப்போயிருக்கும். விழுந்ததோ, இறக்கை, தண்டு, பல்சக்கரம், வால் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். பிறகு வாரம் முழுக்கச் சமையலறை மேடையில் உட்கார்ந்து, இரண்டு இறக்கையும் ஒரே எடையாகும்வரை செல்லோ டேப்பை வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். அவள் குக்கர் வைக்க இடமில்லாமல் என் தலைமேல் கையை நீட்டி அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஞாயிறு விடிந்ததும் அவளையும் டூ வீலரில் ஏற்றிக்கொண்டு, ஓல்டு மெட்ராஸ் ரோட்டைத் தாண்டி ஒரு வற்றிய ஏரிக்குப் போவேன். கார்களில் வரும் ஐ.டி. ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அங்கே பறக்கவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு நல்ல பெயர். தலைகீழாக ஹெலிகாப்டரை நிறுத்துவது அங்கே மூன்று பேருக்குத்தான் வரும், அதில் நான் ஒருவன். கம்பெனியில் என்னை ஏய் என்று கூப்பிடுவார்கள், இங்கே குரு என்பார்கள். அவள் கருவேல மரத்தடியில் கட்டைப்பையோடு உட்கார்ந்திருப்பாள்.

ஆரம்பத்தில் ஒருநாள் அவள் எழுந்து பக்கத்தில் வந்து, "ஒருவாட்டி நான் புடிச்சிப் பாக்கட்டா?" என்று கேட்டாள்.

"இன்னா, மிக்ஸின்னு நெனச்சியா? வெரலு பூடும், போ அந்தாண்ட" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

ஐந்தாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "இனிமே நான் ஏரிக்கு வரல. நீ போய்ட்டு வா."

சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். வாரத்தில் நாங்கள் சேர்ந்து வெளியே போகிற ஒரே இடம் அது. அதையும் அவள் விட்டுவிட்டால் மிச்சம் அரிசி களைவதுதான். எப்படியாவது அவளை வரவைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஹெலிகாப்டர உட்டுர்றேன். ஒரு ஏரோப்ளேன் வாங்கலாம். அத நீயும் புடிக்கலாம், ரெண்டு பேரும் ஓட்டலாம்."

அவள் மடித்த துணியைப் பீரோவில் வைத்துவிட்டு, "நெசமாவா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் பழைய ஆசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. எனக்குக் காதில் விழுந்தது.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்துச் சந்தில் மாடியில் ஒரு சின்னக் கடை. இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று மஞ்சள் இறக்கை. இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும், மூக்கு மொண்ணையாக இருக்கும், தெர்மக்கோலில் செதுக்கியதுபோல் ஒரு சாதுவான முகம். இன்னொன்று பழைய போர் விமானத்தின் சின்ன உருவம். இறக்கை வயிற்றோடு கீழே, உடம்பெல்லாம் பச்சை, வாலில் கோடு. பார்த்ததுமே எனக்கு எச்சில் ஊறிவிட்டது.

அவள் மஞ்சளைத் தொட்டுப் பார்த்து, "இது மெதுவாப் போவுமா?" என்று கேட்டாள்.

"ரொம்ப மெதுவா மேடம். கைய உட்டாலும் தானா நேராயிடும். பசங்க கத்துக்கறது இதுலதான்" என்றார் கடைக்காரர்.

பசங்க என்ற சொல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. அவரோ என் பக்கம் திரும்பி, "சார், நீங்க ஹெலி ஆளு. இந்தப் பச்சைதான் உங்களுக்குச் சரி. ஹெலி பறக்கவிட்டவருக்கு ஏரோப்ளேன் எல்லாம் ஜுஜுபி" என்றார். அவ்வளவுதான், நான் காலி. மொண்ணை மூக்கு மஞ்சளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய், குரு என்று கூப்பிடுகிற வாயெல்லாம் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இவள் நிற்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

"மொதல்ல இதுல நான் பழகிக்கறேன். அப்பறம் உனக்கு அந்த மஞ்சள வாங்கலாம்" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றாள்.

எந்த மனைவி உன் இஷ்டம் என்று சொன்னாலும் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். நான் பெட்டியைக் கட்டச் சொன்னேன்.

அந்த ஞாயிறு அவள் வந்தாள். பச்சை விமானம் தரையை விட்டு எழும்பியதுமே என் கைக்கு எட்டாத வேகத்தில் போனது. ஒரு திருப்பம் போட்டேன். தூரத்தில் அது சின்னதாகி, என்னை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று ஒரு கணம் புரியவில்லை. ஹெலிகாப்டரில் இப்படிக் குழம்பினால் நாங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வோம். மூக்கைத் தூக்கி, விசையைக் குறைத்து, அந்தரத்தில் நிறுத்திவிட்டு நிதானமாக யோசிப்போம். ஐந்து வருஷம் பழகிய கட்டைவிரல்கள் என்னைக் கேட்காமலே அதைச் செய்தன. ஏரோப்ளேனும் மூக்கைத் தூக்கியது, வேகம் குறைந்தது, அப்பாடா நின்றுவிட்டது என்றுகூட நினைத்தேன். ஒரு பக்க இறக்கை சரிந்தது. அப்படியே சுற்றிக்கொண்டு வந்து ஏரி மண்ணில் குத்தியது.

"குரு, இது நிக்காது. நிக்க வெச்சா விழும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். அட, இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அவள் மரத்தடியிலிருந்து எழுந்து போய்த் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். திரும்பும்போது வண்டியில் என் முதுகில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் நெற்றி என் முதுகில் இடித்தது, ஆனாலும் விழிக்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன். இவள் ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தானே தூங்கிக்கொண்டு வந்தாள்? களைப்பு எனக்கு மட்டும் எழுதி வைத்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அந்த வாரமே தனியாகப் போய் மஞ்சள் விமானத்தை வாங்கிவந்தேன். கடைக்காரர் வாயைத் திறக்குமுன் "இதேதான்" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, "இந்த ஒருவாட்டி மட்டும் வா" என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேலே ஏற்றி, உயரத்தில் ஒரு வட்டம் போட்டு நேராக்கிவிட்டு, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். "பயப்படாத, லேசாத் தொட்டாப் போதும்" என்றேன். சொல்லியிருக்கவே வேண்டாம். நான் குச்சியை இழுத்துப் பிடித்துச் சண்டை போடுகிறவன். அவள் காலர் துணியை ஊசிக்குக் கீழே தள்ளுகிறவள். துணியை இழுத்தால் தையல் கோணிவிடும், அதன் போக்கில் விட்டு வழிகாட்டினால் போதும் என்று விரலுக்குத் தெரியும். ஏரிக்கு மேலே அகலமாக இரண்டு வட்டம் போட்டாள். மூன்றாவது வட்டத்தில் கொஞ்சம் சரிந்தது. அவள் விரலை எடுத்துவிட்டாள், அது தானாக நேரானது. ஐ.டி. ஆட்கள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. கொஞ்சம் பொறாமையும்தான், மறைப்பானேன்.

அவள் ரிமோட்டை என்னிடம் நீட்டினாள். "போதும்."

"இன்னும் பேட்டரி கீதே. இன்னொரு ரவுண்டு போடு."

"நல்லாத்தான் கீது. ஆனா அன்னிக்கு கேட்டப்போ ஆசையா இருந்துச்சி. இப்போ எனுக்குத் தூக்கந்தான் ஆச. அடுத்த வாரத்திலிருந்து நான் வரல. கோச்சிக்காத."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? தலையை ஆட்டிவிட்டு விமானத்தை இறக்கினேன். இது ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வீட்டுக்கு வந்தது. பீரோமேல் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவளை எழுப்பாமல் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் போனேன். காற்றே இல்லை, நல்ல வெயில். விமானத்தை ஏற்றி, விசையைப் பாதியாக்கி, இரண்டு கட்டைவிரல்களையும் குச்சிகளிலிருந்து எடுத்தேன். அது பாட்டுக்குப் போனது. கழுத்து இறுகவில்லை, கை வலிக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான். ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது. அப்புறம் மரத்தடிப் பக்கம் பார்த்தேன், ஆளில்லை. பறக்கவிடுகிற நேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று உறைத்தது. பேட்டரி பாதி இருக்கும்போதே இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாய் ஓரத்தில் நானும் படுத்தேன்.

"ஒடஞ்சிடுச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல. முழுசாத்தான் கீது."

"காத்தா?"

"காத்தும் இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு அதுக்குள்ள வந்துட்ட?"

சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "நீ இல்லாம அங்க நல்லா இல்ல."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அஞ்சு வருசம் அங்கியேதான குந்திகினு இருந்தேன்" என்றாள். "ஒருவாட்டி திரும்பிப் பாத்தியா நீ?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் கண்ணை எடுக்க முடியாது என்று ஒரு பதில் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். அவள் சுவரோடு ஒட்டி நகர்ந்து படுத்து, போர்வையில் பாதியை என் பக்கம் தள்ளினாள்.