தாய்மாமன் சீரில் வந்த டிவி கேம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு மலர் போடுகிறோம், நீயும் எழுதிக் கொடு என்று அத்தான் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். "நீ ஒருத்தன்தான் கூடப் பொறந்தவன். நீ எழுதலைன்னா யாரு எழுதுறது?" என்றார். இந்த மலரில் மற்றவர்கள் அக்காவின் பொறுமையைப் பற்றியும் கைமணத்தைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். அத்தனையும் உண்மை. நான் எழுதப்போவது என் பொறாமையைப் பற்றி. அக்கா விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அக்கா கீழ்வேளூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான்கு வருடம் கழித்து நான். தாத்தா பண்ணையாளாக இருந்தவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையாரிடமிருந்து எடுத்த நிலத்தில் கொஞ்சம் தாத்தா கைக்கு வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் அதில் ஒன்றாகப் பயிர் வைத்தார்கள், ஒரே உலையில் சாப்பிட்டார்கள். அப்பா வேட்டியில் ஒரு கட்சிக் கரை, சித்தப்பா வேட்டியில் இன்னொரு கட்சிக் கரை. தேர்தல் நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள்.

அக்கா படிப்பில் முதல். கோலத்தில் முதல். நான் ஆசையாக வளர்த்த பூனைகூட அக்கா மடியில்தான் போய்ப் படுக்கும். "ஒங்கக்கா மாதிரி இருடா" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

பதின்மூன்று வயதில் அக்கா பெரியவளானார். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். லீவு போட்டு வந்து சீர் வைத்தார். பட்டுப் பாவாடை, வளையல், பழம் என்று தெருவை அடைத்துக்கொண்டு தட்டு வந்தது. கடைசித் தட்டில் கலர்ப் படம் போட்ட ஓர் அட்டைப்பெட்டி.

"என்னய்யா இது, டேப்ரெக்கார்டா?" என்று பெரியம்மா கேட்டார்.

"டிவி கேமு அக்கா. வயசுக்கு வந்துட்டாள்னு இனிமே புள்ளைய வெளில விட மாட்டீங்க. உள்ளயாவது வெளையாடட்டும்னு வாங்கியாந்தேன்" என்றார் மாமா.

எனக்கு மாமா கொண்டுவந்தது ஒரு சட்டை. அதுவும் இரண்டு பிடி பெரியது.

அதுதான் எங்கள் தெருவுக்கே வந்த முதல் டிவி கேம். கறுப்பு வெள்ளை டிவிக்குப் பின்னால் ஆண்டெனா வயரைக் கழற்றிவிட்டு அதன் வயரை மாட்டி, படம் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். கைப்பிடி இரண்டு. இரண்டாவதில் ஸ்டார்ட் பட்டன் கிடையாது. ஆட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் முதல் கைப்பிடிக்காரரால்தான் முடியும். முதல் கைப்பிடி யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அக்கா அதிலும் முதல். செங்கல் சுவரை டாங்கியால் இடித்துக்கொண்டு போகும் ஆட்டத்தில் நான் நாலாவது கட்டத்தைத் தாண்டியதில்லை. அக்கா பாவாடையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து என்று போய்க்கொண்டே இருப்பார். சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேரும் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "அடி, அக்கா, அடி" என்பார்கள். வாய்க்காலில் குதிக்க, மாங்காய் அடிக்க, நாகூர் கந்தூரிக்குக் கும்பலோடு போக எனக்கு எந்தத் தடையும் இல்லை. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீட்டில் அந்தப் பெட்டி. இந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. முதல் கைப்பிடி என் கையில் இல்லை, அவ்வளவுதான் விளங்கியது. மாமா என் கையில் அல்லவா அதைக் கொடுத்திருக்க வேண்டும், ஆம்பளைப் பிள்ளை நான்தானே என்று புழுங்கினேன்.

அடுத்த இரண்டு வருடம் ஆற்றில் நேரத்துக்குத் தண்ணீர் வரவில்லை. குறுவை போட முடியவில்லை. தன் பங்கை இறால் பண்ணைக்காரர்களுக்கு விடப்போவதாகச் சித்தப்பா சொன்னார். உப்புத் தண்ணீர் ஏறினால் பக்கத்து வயலும் பாழாகும் என்று அப்பா மறித்தார். வரப்பில் நின்று மண்வெட்டியை ஓங்கும் அளவுக்குப் போனது. கடைசியில் நாட்டாமையும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் எங்கள் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள்.

நிலத்துக்குக் கயிறு பிடித்த பிறகு வீட்டுச் சாமான்கள். பெண்பிள்ளைக்குத் தாய்மாமன் வைத்த சீரில் பங்காளி கை வைக்கக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் டிவி கேம் எந்தக் காலத்தில் சீரில் வந்தது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "எம் புள்ளைங்களும்தான் அதுல வெளையாடுதுங்க, அது பொதுதான்" என்றார் சித்தப்பா. "அது எந்தம்பி எம்பொண்ணுக்கு வச்ச சீரு" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

நாட்டாமை கையை உயர்த்தினார். "பெரியவங்க பேச்சு வேணாம். சின்னப் புள்ள பொய் சொல்லாது. தம்பி, இங்க வா. ஒங்க மாமா இதை யாருக்குடா குடுத்தாரு?"

எனக்குப் பதினொரு வயது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொது என்று ஆகிவிட்டால் எனக்கும் பங்கு உண்டு, அக்கா இனிமேல் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. என் மண்டையில் ஓடியது அது ஒன்றுதான்.

"எல்லாருக்கும்னுதான் குடுத்தாங்க" என்றேன்.

நாட்டாமை அக்காவைக் கூப்பிட்டு, "ஏம்மா, தம்பி சொல்றது சரியா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பொய் என்று அக்கா சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே அப்பா என் தோலை உரித்திருப்பார், அது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரிதாங்க" என்றார் அக்கா.

டிவியையும் கேமையும் ஒரு பங்காக வைத்தார்கள். அண்டாவையும் இரும்புக் கட்டிலையும் இன்னொரு பங்காக வைத்தார்கள். திருவுளச் சீட்டில் எங்களுக்கு அண்டா வந்தது.

நடுவீட்டில் சுவர் எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் சாயங்காலம் டாங்கி ஆட்டத்தின் சத்தம் வரும். அக்கா இந்தப் பக்கம் உட்கார்ந்து பூக் கட்டுவார். எனக்குச் சித்தப்பா பிள்ளைகள் மேல் பொறாமை. பூக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிகிற அக்கா மேலும் பொறாமை. நிம்மதிதானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சேதி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. "நான் வச்ச சீரை அவ வாயாலேயே பொதுன்னுட்டாளா? அப்ப நானும் பொதுவா இருந்துட்டுப் போறேன்" என்று மாமா சொன்னாராம். அக்காவைச் சீர்காழியில் கட்டிக்கொடுத்தபோது வந்தார். சபையில் வைக்க வேண்டியதை வைத்தார், கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார். பந்தலில் மாலையோடு நின்ற அக்கா, மாமா போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஓடிப்போய் மாமா காலைப் பிடித்திருக்கலாம். நான் பந்தியில் அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அக்கா சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமாவுக்கு முதல் ஆளாகப் போன் போடுவார். மாமா, "ம், இருக்கேன்" என்று வைத்துவிடுவார். அக்கா ஒரு தடவையும் காரணம் சொல்லவில்லை.

என்னிடமும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை தவிர. அக்கா மகளுக்குச் சடங்கு வந்தபோது தாய்மாமன் என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வாசலில் தட்டை வாங்க வந்த அக்கா, என் காதோடு சிரித்துக்கொண்டே, "யாருக்குன்னு பேரு எழுதி ஒட்டிடுடா தம்பி" என்றார். கையிலிருந்த தட்டை நான் கீழே போடாமல் இருந்ததே பெரிது.

கடைசியாக அக்கா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் இருந்தார். பேச முடிந்த நாட்களில் அக்கா சத்துணவுக் கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்க நான் வாய் திறப்பேன், யாராவது பார்க்க வந்துவிடுவார்கள். அக்காவைப் பார்க்க எப்போதும் யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அக்கா உடம்பின் மேல் பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான் போட்டேன். மாமா பக்கத்தில் நின்றார். "ஏன் அப்புடிச் சொன்னேன்னு கடைசிவரைக்கும் எங்கிட்ட சொல்லாமலேயே போயிட்டாளேடா" என்று தேம்பினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

ரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், ஆஸ்பத்திரிக்குத் தினமும் கஞ்சி கொண்டுவந்த அக்காவின் தோழிகளுக்கும், வரிசையில் வந்து நின்று அழுத சத்துணவுப் பிள்ளைகளுக்கும், சுவரை மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த சித்தப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் நன்றியோடு இருக்கும்.

மாமா, இந்த மலரை உங்கள் கையில் நானே கொண்டுவந்து தருவேன். இந்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் என் முன்னால் படிக்க வேண்டும். நீங்கள் அக்காவுக்குத்தான் கொடுத்தீர்கள். பொய் சொன்னவன் நான். என்னை அடி வாங்க விடாமல், உங்கள் கோபத்தை அக்கா ஆயுசு முழுக்க வாங்கிக்கொண்டார். இதைப் படித்ததும் நீங்கள் அக்காவுக்காக இன்னொரு முறை அழுவீர்கள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.